ரோஜா வாடினால் நஷ்டம் யாருக்கு?

மாலை மணி ஆறு.

மண்ணரையில் பனியன் கம்பெனிகள் விடும் நேரம். ஊத்துக்குளி சாலையில் சைக்கிளும் ஸ்கூட்டரும் வரிசையாகப் போகின்றன. சாலை ஓரத்தில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். கூடையில் மல்லிகைச் சரம். பக்கத்தில் ஒரு வாளி. வாளிக்குள் நீண்ட காம்போடு சிவப்பு ரோஜாக்கள்.

கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து நிற்கிறார்.

"ஏனுங்க்கா, நேத்து வாங்கிட்டுப் போன ரோசா, பொழுது விடியறதுக்குள்ளே தலையைத் தொங்கப் போட்டிருச்சுங்க. பாப்பா பொறந்த நாளுக்குன்னு வாங்கினது!"

"நான் என்ன அம்மணி பண்ணட்டும்? மண்டியிலே எடுக்கிறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் பாதிப் பூ அப்படித்தான் போச்சு."

இந்தப் பேச்சை எந்த ஊரிலும் கேட்கலாம். பூக்காரம்மா பொய் சொல்லவில்லை. வாங்கிய பெண்ணும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் நஷ்டம்.

அப்படியானால் குற்றம் யார் மேல்?

"பூ என்றால் வாடத்தான் செய்யும்" என்று பலர் சொல்லுவார்கள். பூ வாடும், அது இயற்கை. ஆனால் ஒரு வாரம் இருக்க வேண்டிய பூ ஒரே இரவில் வாடினால், அது இயற்கை ஆகுமா? ஆகாது. நடுவில் யாரோ செய்த தவறு அது. அந்தத் தவறின் அபராதத்தைக் கட்டுகிறவரோ, தவறு செய்யாத பூக்காரம்மா!

இரண்டு வகை ரோஜா

கடையில் விற்கும் ரோஜாவில் இரண்டு வகை உண்டு.

ஒன்று உதிரிப்பூ. பன்னீர் ரோஜா இந்த வகை. காம்பு இல்லாமல் பறிப்பார்கள். எடை போட்டு விற்பார்கள். மாலை கட்டவும், சாமிக்குப் போடவும் இது உதவும். இதன் ஆயுள் குறைவு. அன்றைக்குப் பறித்து அன்றைக்கே விற்றுவிட வேண்டும்.

இன்னொன்று கொய்மலர். நீளமான காம்போடும் இலையோடும் வெட்டுவது. இதை எடை போடுவது இல்லை. எண்ணிக் கட்டுவார்கள். ஒரு கட்டுக்கு 20 பூ என்பது சாதாரணமான கணக்கு. கலியாண மேடைக்கும், பூங்கொத்துக்கும், பிறந்த நாளுக்கும் போவது இந்த ரோஜாதான்.

இந்த இரண்டாவது ரோஜாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. செடியிலிருந்து வெட்டிய பிறகும் அது உயிரோடு இருக்கிறது. தண்ணீர் குடிக்கிறது. மூச்சு விடுகிறது. மொட்டாக வெட்டிய பூ, வீட்டுக்கு வந்த பிறகுதான் மலர்கிறது.

சரியாகக் கவனித்தால் ஒரு வாரம் அழகாக நிற்கும். கவனிக்காவிட்டால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும்.

ஓசூரிலிருந்து திருப்பூர் வரை

தமிழ்நாட்டில் கொய்மலர் ரோஜாவுக்குப் பெயர் போன இடம் ஓசூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஆகவே அங்கே குளிர்ச்சி அதிகம். ரோஜாவுக்கு ஏற்ற இடம்.

ஓசூர், தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் பசுமைக்குடில்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் விரிப்பால் கூரை போட்ட பெரிய கொட்டகைகள் இவை. மழையும் கடும் வெயிலும் பூவைக் கெடுக்காமல் இந்தக் கூரை காக்கிறது. ஓசூருக்கு அருகே அமுதகொண்டபள்ளியில், அரசாங்கத்தின் 'டிட்கோ' நிறுவனம் பங்கு சேர்ந்து உருவாக்கிய டான்ப்ளோரா என்ற பெரிய மலர்ப் பூங்காவும் இருக்கிறது.

அங்கே வளரும் சிவப்பு ரோஜாவில் 'தாஜ்மகால்' என்ற ரகம் பேர் பெற்றது. பிப்ரவரி 14 காதலர் தினம். அதற்கு முன்பு ஓசூர் ரோஜாக்கள் பெங்களூர் விமான நிலையம் வழியாக வெளிநாடுகளுக்குப் பறக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பல இடங்களுக்குப் போகின்றன.

மற்ற பூக்கள் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வருகின்றன. ஓசூரிலிருந்து திருப்பூருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். ஒரு இரவுப் பயணம்.

கடல் தாண்டிப் போகும் ரோஜா அங்கே சிரித்த முகத்தோடு இறங்குகிறது. ஒரே இரவு பயணம் செய்து திருப்பூருக்கு வரும் ரோஜா தலை சாய்ந்து விழுகிறது. வேடிக்கையாக இல்லையா?

தொண்டையில் அடைப்பு

இதன் ரகசியம் காம்புக்குள் இருக்கிறது.

ரோஜாக் காம்பை ஒரு கட்டு உறிஞ்சு குழல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் அதற்குள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் தண்ணீர் மேலே ஏறும்.

செடியில் இருக்கும்போது வேர் தண்ணீர் கொடுக்கும். வெட்டிய உடனே அந்த வரத்து நின்றுவிடும். ஆனால் செலவு நிற்பது இல்லை. இலைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வரவு இல்லாத வீட்டில் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகும்? அதே கதிதான் ரோஜாவுக்கும்.

வெட்டிய காம்பைத் தண்ணீரில் வைக்காமல் விட்டால், குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். பிறகு தண்ணீரில் வைத்தாலும் ஏறுவது கஷ்டம். காற்றுக் குமிழி வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

இன்னொரு எதிரி கிருமி. அழுக்கு வாளியில், பழைய தண்ணீரில் காம்பை வைத்தால் கிருமிகள் பெருகும். அவை காம்பின் அடியில் பிசுபிசுவென்று படிந்து குழாய்களை அடைக்கும்.

தண்ணீர் மேலே வராவிட்டால், பூவுக்குக் கீழே இருக்கும் இளங்காம்பு துவண்டு வளையும். பூ தலை கவிழும். மண்ணரைப் பெண் வாங்கிய ரோஜாவுக்கு வந்த நோய் இதுதான். அதற்குத் தொண்டையில் அடைப்பு! வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாமல் அது செத்துப்போயிற்று.

தெளித்தால் போதுமா?

ரோஜா வாடினால் உடனே பலர் மேலே தண்ணீர் தெளிப்பார்கள். மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பழகிய கை அது.

காம்பு ரோஜாவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அது வாயால் குடிப்பது இல்லை, காலால் குடிக்கிறது. மேலே தெளிக்கும் தண்ணீர், பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

அதோடு ஒரு தீமையும் உண்டு. இதழ்கள் ஈரமாக இருக்கும்போது பெட்டியில் அடைத்தால் சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். முதலில் சின்னப் புள்ளியாகத் தெரியும். பிறகு இதழ் அழுகும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவும்.

சூடு என்ற திருடன்

பூ மூச்சு விடுகிறது. மூச்சு விட அது தன் உடம்பில் இருக்கும் சர்க்கரையைச் செலவு செய்கிறது. அந்தச் சர்க்கரை தீர்ந்தால் பூவின் ஆயுள் முடிந்தது.

வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். இது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் அறையில் 2 டிகிரியில் இருக்கும் ரோஜாவையும், வெயில் நேரத்தில் 32 டிகிரியில் கிடக்கும் ரோஜாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 10 டிகிரிக்கு 2 மடங்கு. 20 டிகிரிக்கு 4 மடங்கு. 30 டிகிரிக்கு 8 மடங்கு!

குளிர் அறையில் எட்டு மணி நேரம் நடக்கும் செலவு, வெயிலில் ஒரே மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. லாரி கிளம்பும் வரை பெட்டியை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால், "கொஞ்ச நேரம்தானே" என்று தோன்றும். பூவின் ஆயுளில் அது கொஞ்ச நேரம் அல்ல.

பழக்கடைக்குப் பக்கத்தில்

பூவுக்கு இன்னொரு கண்ணுக்குத் தெரியாத எதிரியும் உண்டு. அதன் பெயர் எத்திலீன். அது ஒரு வாயு.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தெரு விளக்குகளை வாயுவால் எரித்தார்கள். வாயு கசிந்த இடத்தில் மரங்கள் இலைகளை உதிர்த்தன. காரணம் தெரியாமல் மக்கள் திகைத்தார்கள். 1901-ம் ஆண்டில் நெல்யூபோவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி, விளக்கு வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் செடிகளைப் பாதிக்கிறது என்று கண்டுபிடித்தார்.

பழுக்கும் வாழையும் மாம்பழமும் இதே எத்திலீனை வெளியிடுகின்றன. வண்டிகள் விடும் புகையிலும் அது உண்டு. இந்த வாயு பட்டால் பல ரோஜா ரகங்கள் சீக்கிரம் முதுமை அடையும். இதழ் உதிரும்.

ஆகவே வாழைத்தாரையும் ரோஜாப் பெட்டியையும் ஒரே அறையில் வைக்கக்கூடாது. புகை கக்கிக்கொண்டு நிற்கும் லாரிக்குப் பின்னால் பூவை அடுக்கக்கூடாது. இதற்கு ஒரு காசு செலவு இல்லை. தெரிந்திருந்தால் போதும்.

ராஜ உபசாரம்

வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாவுக்கு என்ன செய்கிறார்கள்? அதைக் கவனித்தால் போதும். பாதிப் பாடம் வந்துவிடும்.

அதிகாலையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வெட்டுகிறார்கள். வெளி இதழ் ஒன்றிரண்டு மெதுவாக நெகிழும் சமயம்தான் சரியான பக்குவம். அதற்கு முன்னால் வெட்டினால் மொட்டு மலராமலே கருகும். பின்னால் வெட்டினால் வழியிலேயே விரிந்து உதிரும்.

வெட்டிய கை காய்வதற்குள் காம்பு தண்ணீருக்குள் போகிறது. சுத்தமான பிளாஸ்டிக் வாளி. அதில் கிருமியை அடக்கவும், தண்ணீர் சுலபமாக ஏறவும் சிட்ரிக் அமிலம், அலுமினியம் சல்பேட் போன்ற மருந்துகளில் ஒன்றை அளவாகக் கலக்கிறார்கள். பிறகு 2 முதல் 4 டிகிரி குளிர் அறையில் சில மணி நேரம் வைத்துப் பூவின் சூட்டைத் தணிக்கிறார்கள்.

அடுத்தது தரம் பிரித்தல். 40, 50, 60, 70 சென்டிமீட்டர் என்று காம்பு நீளத்தை அளந்து பிரிக்கிறார்கள். அடி இலையையும் முள்ளையும் நீக்குகிறார்கள். கட்டுக் கட்டி, அட்டையால் சுற்றி, பெட்டியில் அடுக்குகிறார்கள். பெட்டி குளிர்வண்டியில் ஏறுகிறது.

குளிர்ச்சி நடுவில் அறுந்து போகக்கூடாது. அறுந்தால் அதுவரை செய்த செலவு அத்தனையும் வீண்.

நெதர்லாந்து நாட்டில் ஆல்ஸ்மீர் என்ற ஊர் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பூ ஏலம் அங்கே நடக்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் வளரும் ரோஜாக்கள் கூட விமானத்தில் அங்கே வந்து இறங்குகின்றன. நம் ஊர் ஏலத்தில் விலை கீழே இருந்து மேலே ஏறும். அங்கே விலை மேலே இருந்து கீழே இறங்கும். யார் முதலில் பொத்தானை அமுக்குகிறாரோ அவருக்குச் சரக்கு.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. யார் வளர்த்த பூ, எவ்வளவு நீளம், எந்தப் பக்குவம் என்ற விவரம் ஒவ்வொரு சரக்கோடும் கூடவே வருகிறது. பூ கெட்டிருந்தால், கெடுத்தவர் யார் என்று தேடிப் பிடிக்க வழி இருக்கிறது.

பனியனுக்கு ஒரு நீதி, பூவுக்கு ஒரு நீதியா?

இந்த விஷயத்தைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது! நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கண் பார்க்கிறது. ஒரு தையல் விட்டால் செக்கிங் பெண் அதை எடுத்துத் தனியே போடுகிறார். பெட்டியின் மேல் எண், அளவு, நிறம் எல்லாம் எழுதி ஒட்டுகிறார்கள். வெளிநாட்டில் பெட்டியைத் திறந்து குறை கண்டால், அது எந்தக் கம்பெனிச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

பனியனுக்கு உயிர் இல்லை. ஒரு நாள் தாமதமானாலும் அது வாடாது. அதற்கு இத்தனை கண்கள்!

ரோஜாவுக்கு உயிர் உண்டு. ஒவ்வொரு மணியும் அதன் ஆயுளைத் தின்கிறது. ஆனால் உள்ளூர் மண்டிக்கு வரும் ரோஜாப் பெட்டியில் பெரும்பாலும் வெட்டிய தேதி கூட இருப்பது இல்லை. நேற்று வெட்டியதா, நான்கு நாள் முன்பு வெட்டியதா? பூக்காரம்மாவுக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்து வாங்குகிறார். முகம் ஏமாற்றிவிடுகிறது.

பூக்காரம்மாவின் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்குத்தான்.

20 பூ உள்ள ஒரு கட்டு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூவை 15 ரூபாய்க்கு விற்றால், 20 பூவுக்கு 300 ரூபாய் கிடைக்கும். லாபம் 100 ரூபாய்.

ஐந்து பூ தலை சாய்ந்துவிட்டது. மீதி 15 பூ. விற்றால் 225 ரூபாய். லாபம் 25 ரூபாய்தான்!

ஏழு பூ போய்விட்டால்? 13 பூவுக்கு 195 ரூபாய். கையிலிருந்து 5 ரூபாய் நஷ்டம். அன்று முழுதும் வெயிலில் உட்கார்ந்ததற்குக் கூலி, அந்த நஷ்டம்!

கெட்டது மூன்றில் ஒரு பங்குதான். போனதோ முழு லாபம். சின்ன வியாபாரத்தின் கொடுமை இது.

பெட்டியை அனுப்பியவருக்குப் பணம் வந்துவிட்டது. மண்டிக்காரருக்குக் கமிஷன் வந்துவிட்டது. வண்டிக்கு வாடகை வந்துவிட்டது. வாடிய பூ மட்டும் கடைசி ஆளின் வாளியில் நிற்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு இடம் இல்லை.

மறு முனையில் இருப்பவர் விவசாயி. அவர் நிலையும் சுகமாக இல்லை. ரோஜாவை விலை வரும் வரை செடியிலேயே விட்டு வைக்க முடியாது. பூத்தால் வெட்டியே ஆக வேண்டும். 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. கோயில் கதவு மூடியது. கலியாணங்கள் நின்றன. விமானங்கள் நின்றன. ஓசூர் விவசாயிகள் வெட்டிய ரோஜாவை விற்க வழி இல்லாமல் குப்பையில் கொட்டினார்கள். பூவால் காத்திருக்க முடியாது என்ற பாடத்தை அன்று ஊரே பார்த்தது.

தொடக்கத்தில் இருக்கும் விவசாயியும், முடிவில் இருக்கும் பூக்காரம்மாவும்தான் பூ வாடும்போது அதிகம் அழுகிறவர்கள். நடுவில் பூவைக் கையாளும் முறை மாறாத வரை இந்த அழுகை நிற்காது.

"செலவு ஆகுமே!"

"குளிர் அறை, குளிர்வண்டி என்றால் பணம் வேண்டாமா? பூ விலை ஏறிவிடாதா?" என்று வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

முதல் பதில்: பாதி வைத்தியத்துக்குச் செலவே இல்லை. காலையில் வெட்டுவது, உடனே தண்ணீரில் வைப்பது, வாளியைத் தேய்த்துக் கழுவுவது, பெட்டியை நிழலில் இறக்குவது, பழத்தோடு சேர்க்காமல் இருப்பது. இவற்றுக்குப் பணம் தேவை இல்லை. பழக்கம் தேவை.

இரண்டாவது பதில்: இப்போதும் செலவு ஆகத்தான் செய்கிறது. குப்பைக்குப் போகும் ஒவ்வொரு பூவுக்கும் தண்ணீர், உரம், கூலி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பணத்தை விற்ற பூவின் மேல் ஏற்றித்தான் வியாபாரம் நடக்கிறது. வாடிய பூவின் விலையை நல்ல பூ வாங்குகிறவர்தான் தருகிறார்.

மூன்றாவது பதிலைத் திருப்பூரே சொல்லும். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் சாயக் கழிவு கலந்ததுதான் காரணம். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தது. ஒரு சின்னப் பட்டறையால் தனியாக அதைச் செய்ய முடியுமா? பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் அதைச் செய்கின்றன.

தனி ஆளால் முடியாததைப் பொதுவாகச் சேர்ந்து செய்யலாம் என்பது இந்த ஊருக்குத் தெரிந்த பாடம். அவ்வளவு பெரிய வேலையைச் செய்த ஊருக்கு, ஒரு பூ மார்க்கெட்டில் பொதுவான ஒரு குளிர் அறை பெரிய காரியமா?

மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சித் திட்டத்தில் சிப்பம் கட்டும் கூடத்துக்கும், குளிர் அறைக்கும், குளிர்வண்டிக்கும் மானியம் உண்டு. கேட்டுப் பெற வேண்டும். தனி ஆளாகக் கேட்பதைவிட சங்கமாகச் சேர்ந்து கேட்டால் குரல் எடுபடும்.

நான்கு காரியங்கள்

என்ன செய்ய வேண்டும்? நான்கே காரியங்கள்.

முதலாவது, தேதி. ஒவ்வொரு ரோஜாப் பெட்டியின் மேலும் வெட்டிய நாளையும், அனுப்பியவர் பெயரையும் எழுத வேண்டும். ஒரு பேனா போதும். தேதி இருந்தால் பழைய பூ புதுப் பூவின் விலைக்குப் போகாது. கவனமாக அனுப்பும் விவசாயிக்கும் நல்ல விலை கிடைக்கும்.

இரண்டாவது, தண்ணீர். மண்டிக்கு வந்த உடனே பெட்டியைத் திறந்து, காம்பின் அடியை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, சுத்தமான தண்ணீரில் நிறுத்த வேண்டும். ரோஜாவைப் படுக்க வைத்து விற்கக்கூடாது. நிறுத்தி விற்க வேண்டும்.

மூன்றாவது, இடம். மொத்தப் பூ மார்க்கெட் இருக்கும் ஊர்களில் நகராட்சியும் மாநகராட்சியும் நிழல், நல்ல தண்ணீர்க் குழாய், பொதுக் குளிர் அறை மூன்றையும் தர வேண்டும். கடை வாடகையும் சுங்கமும் வாங்குகிற இடத்தில் இதைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

நான்காவது, பொறுப்பு. வாங்கிய அன்றே தலை சாயும் பூவுக்கு மண்டி ஒரு பங்கு நஷ்டத்தை ஏற்க வேண்டும். பனியன் பெட்டியில் குறை இருந்தால் அனுப்பியவர் ஏற்கவில்லையா? அந்த நியாயம் பூக்காரம்மாவுக்கும் வேண்டும். தவறு செய்தவருக்கு நஷ்டம் வந்தால்தான் தவறு குறையும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ரோஜாவின் கடைசி வீடு நம் வீடு. அங்கேயும் சில காரியங்கள் உண்டு. தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பூவின் அடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுப் பூ. மெத்தென்று இருந்தால் பழைய பூ.

வீட்டுக்கு வந்தவுடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, காம்பை அதற்குள் வைத்தபடியே அடியை இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் வெட்டினால் காற்று புகாது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொட்டைக் கத்தி காம்பை நசுக்கிவிடும்.

தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பாத்திரத்தையும் கழுவுங்கள். "சர்க்கரை போட்டால் பூ நிற்கும்" என்று சிலர் சொல்லுவார்கள். வெறும் சர்க்கரை போட்டால் கிருமிக்குத்தான் விருந்து. சுத்தமான தண்ணீரே போதும்.

வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம். டி.வி. மேல் வேண்டாம். பழக்கூடைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

தலை சாய்ந்த ரோஜாவை உடனே எறிந்துவிடாதீர்கள். அடியை வெட்டி, காகிதத்தில் காம்பு நிமிர்ந்து நிற்கும்படி சுற்றி, ஆழமான தண்ணீரில் சில மணி நேரம் நிழலில் நிறுத்திப் பாருங்கள். அடைப்பு லேசாக இருந்தால் பூ எழுந்து நிற்கும்!

மறுபடியும் மண்ணரையில்

அதே சாலை. அதே மாலை நேரம். பூக்காரம்மாவின் வாளியில் ரோஜாக்கள் நிமிர்ந்து நிற்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பெட்டியில் தேதி இருந்தது. மண்டியில் குளிர் அறை இருந்தது. வாளியில் சுத்தமான தண்ணீர் இருக்கிறது.

செக்கிங் வேலை முடித்து வரும் பெண் ஒரு பூவை எடுக்கிறார்.

"ஏனுங்க்கா, இது நிக்குங்களா?"

"அஞ்சு நாளைக்கு நான் பொறுப்பு, அம்மணி!"

பூக்காரம்மா அப்படிச் சொல்ல வேண்டும் என்றால், அவருக்கு மேலே இருப்பவர்கள் முதலில் அவரிடம் அப்படிச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் மற்றவர்கள் தைத்ததில் குறை பார்த்துச் சரி செய்து அனுப்புகிற பெண் அவள். தன் குழந்தைக்காக வாங்கும் ஒரு ரோஜாவில் குறை இருக்கக்கூடாது என்று அவள் நினைப்பது பேராசை ஆகுமா?